ராக்கெட்பால்: எந்தப் பந்தை எப்படி அடிப்பது? புதிதாக ஆடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவுக்குப் படிக்கவோ வேலைக்கோ வரும் நம்மவர்கள் பலர் ராக்கெட்பாலை முதன்முதலில் பார்ப்பது பல்கலைக்கழக ரெக் சென்டர் எனும் விளையாட்டுக் கூடத்திலோ பக்கத்து ஜிம்மிலோதான். நான்கு சுவரும் கூரையும் உள்ள மூடிய அறைக்குள், சின்ன ரப்பர் பந்தை மட்டையால் மாறி மாறி முன்சுவரில் அடிக்கும் ஆட்டம் இது; பந்து தரையில் இரண்டாவது முறை குத்தும் முன் திருப்ப வேண்டும். ஊரில் ஷட்டில் ஆடிய கை சும்மா இருக்காது. முதல் நாளே வியர்த்துக் கொட்டும், பிடித்துப்போய்விடும். ஆனால் ஆறு மாதம் கழித்தும் ஆட்டம் அதே இடத்தில்தான் நிற்கும். முழங்காலில் பட்டை கட்டிய, அறுபதை நெருங்கும் ஒருவர் நடுவில் நின்றபடியே நம்மை நாலு மூலைக்கும் ஓடவிட்டு, 15-4 என்று முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவார்.

அவர் நம்மைவிட வேகமாக அடிப்பதில்லை. எந்தப் பந்தைக் கொல்வது (எதிராளி எடுக்க முடியாதபடி அடித்து முடிப்பது), எதைச் சும்மா திருப்பிவிடுவது என்று தெரிந்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். இதை வரிசையாக யாரும் சொல்லித் தருவதில்லை. ஆளாளுக்கு ஒரு துணுக்கைச் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் அப்படிப் பொறுக்கிச் சேர்த்ததை வரிசைப்படுத்தித் தருகிறேன். நீங்கள் வலதுகைக்காரர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இடதுகை என்றால் திருப்பிப் படித்துக்கொள்ளுங்கள்.

1. ஜிம்மில் கையெழுத்துப் போடும் முன்

மாணவர் என்றால் பெரும்பாலும் ரெக் சென்டர் கட்டணம் உங்கள் செமஸ்டர் கட்டணத்திலேயே அடங்கியிருக்கும். அடையாள அட்டை போதும். கணவன் அல்லது மனைவிக்குத் தனி உறுப்பினர் அட்டை வேண்டும். நண்பரைக் கூட்டிப் போனால் அன்றைய நாளுக்கான கட்டணம் உண்டு. அவர் புகைப்பட அடையாள அட்டை கொண்டுவர வேண்டும், காயம்பட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல என்ற படிவத்திலும் கையெழுத்திட வேண்டும். இதற்கு நேரம் எடுக்கும். கோர்ட் ஆறு மணிக்கு என்றால் அவரை ஐந்தே முக்காலுக்கு வரச் சொல்லுங்கள்.

தனியார் ஜிம் என்றால் சேரும் முன் கோர்ட்டை நேரில் போய்ப் பாருங்கள். இணையதளத்தில் ராக்கெட்பால் என்று போட்டிருக்கும். உள்ளே போனால் கோர்ட்டில் யோகா பாய் விரித்திருப்பார்கள். பல ஜிம்கள் கோர்ட்டுகளை வேறு வேலைக்கு மாற்றி வருகின்றன. எத்தனை கோர்ட், முன்பதிவு எத்தனை நாள் முன்னால் திறக்கும், வருடாந்திரக் கட்டணம் என்று தனியாக ஏதும் உண்டா, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற நான்கையும் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி, விலகிய பிறகும் இரண்டு மாதக் கட்டணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

சாமான்களில் முதல் செலவு கண்ணாடிக்கு. பந்தின் விட்டம் இரண்டே கால் அங்குலம். அழுந்தினால் கண்குழிக்குள் போய்விடும். லென்ஸ் இல்லாமல் வெறும் சட்டம் மட்டும் உள்ள பழைய வகைக் கண்காப்பு எதற்கும் உதவாது. ஏ.எஸ்.டி.எம். எஃப்3164 அல்லது பழைய எஃப்803 என்ற பாதுகாப்புத் தரக் குறி பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இருபது, முப்பது டாலரில் நல்லது கிடைக்கும். பவர் கண்ணாடி போடுபவர்கள் பவருடன் கூடிய விளையாட்டுக் கண்ணாடி செய்துகொள்ளலாம். அலுவலகத்தில் எஃப்.எஸ்.ஏ. கணக்கு (மருத்துவச் செலவுக்கென்று வரி பிடிக்கும் முன் சம்பளத்திலிருந்து ஒதுக்கும் பணம்) இருந்தால் அந்தப் பணத்திலேயே வாங்கலாம். பல திட்டங்களில் மிச்சப் பணம் ஆண்டு முடிவில் கைவிட்டுப் போய்விடும், நவம்பரிலேயே பாருங்கள்.

மட்டைக்கு ஆரம்பத்தில் 40 முதல் 60 டாலர் போதும். இருநூறு டாலர் மட்டை உங்கள் தவறான அடியை இன்னும் வேகமாகத் தவறாக அடிக்கும். கைப்பிடி மூன்றே ஐந்து எட்டு (3⅝) அங்குலம் பெரும்பாலான கைகளுக்குச் சரியாக இருக்கும். மட்டையின் அடியில் உள்ள கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் ஆடாதீர்கள், விதியும் அதுதான். ஓடுவதற்கான ஷூ வேண்டாம், பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்கால் மடங்கும். தரையில் கறை விடாத உள்ளரங்க ஷூ வாங்குங்கள்.

2. எங்கே நிற்பது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கோர்ட் 40 அடி நீளம், 20 அடி அகலம், 20 அடி உயரம். சரிபாதியில், முன்சுவரிலிருந்து 20 அடியில் இருப்பது ஷார்ட் லைன். அதற்கு ஐந்தடி பின்னால் விட்டு விட்டு ஒரு கோடு தெரியும். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் நீங்கள் திரும்பி வர வேண்டிய இடம் அந்தக் கோட்டுக்கு ஓரிரு எட்டு பின்னால், நடுவில்.

புதியவர்கள் எல்லோரும் ஷார்ட் லைன் மேலேயே போய் நிற்பார்கள். "கோர்ட்டின் நடு" அதுதானே என்று தோன்றும். ஆனால் பந்து துள்ளும் வேகத்துக்கு அது மிகவும் முன்னால். பக்கவாட்டில் போகும் எந்தப் பந்தும் உங்களைத் தாண்டிவிடும்.

3. பந்தின் உயரத்தைப் பார்த்து அடியைத் தேர்ந்தெடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டை படும் நேரத்தில் பந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதுதான் அடியை முடிவு செய்கிறது. உங்கள் ஆசைக்கோ கோபத்துக்கோ அதில் இடமில்லை.

நெஞ்சுக்கு மேலே என்றால் சீலிங் பால். கூரையில் பட்டு, முன்சுவரில் பட்டு, தரையில் குத்தி, உயரமாக எழும்பிப் பின்மூலைக்குப் போக வேண்டும்.

இடுப்பிலிருந்து முழங்கால் வரை என்றால் பாஸ், அதாவது எதிராளியைத் தாண்டிப் பின்னால் போகும் பந்து.

முழங்காலுக்குக் கீழே, அதுவும் கால் ஊன்றி நிற்கும்போது என்றால் கில். முன்சுவரில் கணுக்கால் உயரத்தில் பட்டு எழும்பாமல் சாகும் பந்து.

சொல்வது சுலபம். நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது முதல் வகையில்தான். ஷட்டிலில் தலைக்கு மேலே வந்தால் ஸ்மாஷ், கையே யோசிக்காமல் செய்துவிடும். இங்கே அதே ஸ்மாஷை அடித்தால் பந்து முன்சுவரில் பட்டு, தரையில் ஒரு முறை குத்தி, பின்சுவர் வரை பறந்து, அங்கிருந்து எதிராளிக்கு இடுப்பு உயரத்தில் அழகாக வந்து இறங்கும். நீங்கள் ஓங்கி அடிக்க அடிக்க அவருக்கு வேலை சுலபம். அடித்த சத்தம் கோர்ட் முழுக்க எதிரொலிக்கும், கேட்க நன்றாக இருக்கும், பாயின்ட் அவருக்குப் போகும்.

ஆகவே தலைக்கு மேலே வந்தால் கூரை. முன்சுவரிலிருந்து இரண்டு முதல் ஐந்தடிக்குள் கூரையில் படும்படி அடியுங்கள். முழு வலு வேண்டாம், பாதிக்குச் சற்று மேல் போதும். வலது கை எதிராளி என்றால் இடது பின்மூலைதான் குறி. இடது சுவரை ஒட்டியபடி போகும் சீலிங் பாலை பேக்ஹேண்டில் ஒழுங்காகத் திருப்புவது அனுபவசாலிக்கே சிரமம். வலு கூடினால் பின்சுவரில் பட்டுத் திரும்பும். குறைந்தால் நடுக்கோர்ட்டில் இடுப்பு உயரத்தில் நிற்கும். இரண்டுமே எதிராளிக்குப் பரிசு.

சீலிங் ராலி, அதாவது கூரைப் பந்தையே இருவரும் மாறி மாறி அடிப்பது, போரடிக்கும். நாலு பந்து, ஐந்து பந்து என்று இருவரும் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். யாருக்குப் பொறுமை முதலில் போகிறதோ அவர்தான் தோற்பார். எதிராளியின் சீலிங் பால் ஒன்று குட்டையாக விழும் வரை காத்திருங்கள். விழும்.

இரண்டாவது விஷயம், பந்தை இறங்கவிடுவது. பந்து எழும்பும்போதே நெஞ்சு உயரத்தில் அடித்துவிடத் துடிப்போம். அரை நொடி பொறுத்தால் அதே பந்து உச்சிக்குப் போய் முழங்காலுக்கு இறங்கி வரும். அதுவரை மட்டையை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, பக்கவாட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி, முழங்காலை மடக்கி நில்லுங்கள். முன்சுவரைப் பார்த்து நின்றபடி கையை மட்டும் வீசினால் பந்து எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்கே தெரியாது.

ஒரு விலக்கு உண்டு. எதிராளி பின்மூலையில் சிக்கித் தடுமாறுகிறார், நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள், பந்து நெஞ்சு உயரத்தில் வருகிறது என்றால் காத்திருக்காதீர்கள். தரையில் குத்தும் முன்னே எடுத்து எதிர்ப்பக்கம் அனுப்புங்கள். அவர் எழுந்து வர நேரம் கொடுக்கக் கூடாது.

4. பிறகு எதிராளி எங்கே என்று பாருங்கள்

விதி சின்னது. அவர் உங்களுக்கு முன்னாலோ பக்கத்திலோ இருந்தால் பாஸ். உங்களுக்குப் பின்னால் இருந்தால் கில் அல்லது பிஞ்ச்; பிஞ்ச் என்னவென்று கீழே சொல்கிறேன்.

பாஸில் இரண்டு வகை பழகினால் போதும். சுவரை ஒட்டி நேராகப் போவது ஒன்று, குறுக்கே போவது மற்றது. குறுக்குப் பாஸுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நீங்கள் இடது பின்மூலையில் இருந்து வலது பின்மூலைக்கு அனுப்ப வேண்டும் என்றால் முன்சுவரின் சரிபாதியில் அடிக்க வேண்டும். நம் கண் வலது மூலையைப் பார்க்கும், கை அங்கேயே அடிக்கும். பாதியிலிருந்து ஐந்தாறு அடி வலப்பக்கம் தள்ளிப் பட்டால் பந்து வலது சுவரில் முட்டி, நடுவில் நிற்கும் எதிராளியின் கைக்கே திரும்பும். அதேபோல நேர்ப் பாஸ் பக்கச் சுவரை உரசினாலும் நடுவுக்குத்தான் வரும்.

உயரம் இன்னொரு பொறி. பாஸ் பின்சுவரை எட்டும் முன் இரண்டு முறை குத்த வேண்டும். முன்சுவரில் இடுப்புக்கு மேல் பட்டால் வலுவாக அடித்த பந்து பின்சுவரிலிருந்து திரும்பி வரும். முழங்காலிலிருந்து தொடை வரை குறி வையுங்கள்.

பிஞ்ச் என்றால் முதலில் பக்கச் சுவர், உடனே முன்சுவர். மூலையிலிருந்து ஓரிரு அடிக்குள், முழங்காலுக்குக் கீழே. சரியாக விழுந்தால் முன்னாலேயே இரண்டு முறை குத்திவிடும், பின்னால் இருப்பவரால் ஓடி வர முடியாது. கொஞ்சம் உயரமாகப் போனால் பந்து நடுக்கோர்ட்டில் மிதக்கும். அதனால்தான் எதிராளி நடுவில் நிற்கும்போது பிஞ்ச் ஆபத்து. அதே உயரத் தவறை நேர்ப் பாஸில் செய்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வீர்கள். சந்தேகம் வந்தால் நேராக அடியுங்கள்.

புதியவர்கள் பாயின்ட்டை இழப்பதற்குப் பெரிய காரணம் எதிராளியின் திறமை என்று நான் நம்பவில்லை. ஸ்கிப்தான். அதாவது முன்சுவருக்கு முன்பே தரையில் பட்டுவிடும் பந்து. முழங்கால் உயரத்தில் வந்த சாதாரணப் பந்தை இரண்டு அங்குல உயரத்தில் சாகடிக்க ஆசைப்பட்டு ஸ்கிப் செய்வோம். பாஸ் அடித்தாலே அந்த ராலி உங்களுடையதாக இருந்திருக்கும்.

5. பின்சுவர்ப் பந்து: கால் வேலை

பின்சுவரில் பட்டுத் திரும்பும் பந்துதான் இந்த ஆட்டத்தில் உங்களுக்குக் கிடைக்கும் சுலபமான வாய்ப்பு. ஆனால் பலர் நின்ற இடத்திலேயே நின்று, பந்து தங்களைத் தாண்டிய பிறகு எட்டி அடிப்பார்கள். பந்தோடு சேர்ந்து பின்னால் போங்கள், நீங்கள் நினைப்பதைவிட இரண்டு எட்டு அதிகமாக. அது சுவரில் பட்டுத் திரும்பும்போது அதனுடனேயே முன்னால் நகர்ந்து வந்து, முன்கால் அருகே, முழங்காலுக்குக் கீழே அடியுங்கள்.

6. சர்வும் சர்வ் ரிட்டர்னும்

வழக்கமான கிளப் ஆட்டத்தில் சர்வ் செய்பவருக்கே பாயின்ட் கிடைக்கும். 15 வரை இரண்டு ஆட்டம், சமன் என்றால் மூன்றாவது 11 வரை. ஒவ்வொரு ராலிக்கும் பாயின்ட் தரும் முறையும் சில போட்டிகளில் உண்டு, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் சர்வுக்கு, இடது பின்மூலையை நோக்கித் தாழ்வாகப் போகும் டிரைவ். ஷார்ட் லைனைத் தாண்டியதும் குத்தி, பின்சுவருக்கு முன்னே இரண்டாவது முறை குத்த வேண்டும். பின்சுவரில் பட்டுத் திரும்பினால் குறி உயரம் அதிகம் என்று அர்த்தம். அடுத்ததில் ஒரு சாண் இறக்குங்கள். முதல் சர்வ் தவறினால் கிடைக்கும் இரண்டாவது சர்வுக்கு லாப். மெதுவாக, உயரமாக, இடது சுவரை ஒட்டி. இரண்டாவது சர்வ்தானே என்று ஏனோதானோ என்று தட்டிவிட்டால் அங்கேயே ராலி முடிந்தது.

சர்வ் அடித்த இடத்திலேயே நின்று ரசிக்காதீர்கள். பந்து ஷார்ட் லைனைத் தாண்டியதும் பின்னால் நகர்ந்து, நான் மேலே சொன்ன இடத்துக்கு வந்துவிடுங்கள். வரும்போது தோளுக்கு மேல் திரும்பி எதிராளியின் மட்டையைப் பாருங்கள். கண்ணாடி போட்டிருப்பது இதற்கும்தான்.

ரிட்டர்னில் வீரம் வேண்டாம். நல்ல சர்வ் வந்தால் கூரை. சுமாரான சர்வ் வந்தால் பாஸ். சர்வ் மோசமாக இருந்தால் மட்டும் கில். சர்வ் செய்தவரை நடுவிலிருந்து பின்னால் தள்ளுவதுதான் ரிட்டர்னின் வேலை.

7. உங்கள் பாணி எது?

உயரமும் தோள்வலுவும் இருப்பவர்கள் டிரைவ் சர்வும் கில்லுமாக ஆடலாம். நம்மில் பலருக்குக் கால் வேகமும் மணிக்கட்டும்தான் சொத்து. அவர்களுக்கு லாப், சீலிங், பாஸ் என்று இழுத்து ஆடுவது பொருந்தும். ஆனால் பாணி எதிராளியைப் பொறுத்தும் மாற வேண்டும். ஓங்கி அடிப்பவரிடம் நீங்களும் ஓங்கி அடித்தால் அவருக்குப் பிடித்த ஆட்டத்தை ஆடுகிறீர்கள். அவருக்கு லாப் சர்வ் போடுங்கள், தலைக்கு மேலேயே பந்தைக் கொடுங்கள். சொந்த வலுவை எல்லாம் அவரே போட்டு அடிக்க வேண்டிவரும், ஸ்கிப் கூடும். நிதானமாக ஆடும் முழங்கால் பட்டைக்காரரிடம் நேர்மாறு. தாழ்வாக, சீக்கிரமாக, முன்னால் பின்னால் என்று நகர்த்துங்கள்.

தொடர்ந்து மூன்று நான்கு பாயின்ட் போனால் நேரத்தைப் பயன்படுத்துங்கள். 15 பாயின்ட் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 30 நொடி டைம் அவுட் மூன்று. ஸ்கோர் சொன்ன பிறகு சர்வுக்குப் பத்து நொடி இருக்கிறது. நம்மவர்கள் தோற்கும்போதுதான் அவசர அவசரமாக ஆடுவார்கள்.

காணொளி பார்ப்பதில் ஒரு எச்சரிக்கை. கனடாவின் முன்னணி வீரர் கேன் வாசெலென்சுக் நெஞ்சு உயரப் பந்தையும் தரையோடு தரையாகக் கொல்வார்; அதை நகல் எடுக்க முயன்றால் உங்களுக்கு ஸ்கிப்தான் மிஞ்சும். அவரும் மெக்சிகோ வீராங்கனை பாவோலா லோங்கோரியாவும் அடித்த பிறகு எங்கே போய் நிற்கிறார்கள் என்று பாருங்கள். இன்னொன்று, பிரிட்டனில் ராக்கெட்பால் என்ற பெயரில் ஸ்குவாஷ் கோர்ட்டில் ஆடும் வேறொரு ஆட்டம் உண்டு. 2016-இல் ஸ்குவாஷ் 57 என்று பெயர் மாற்றினார்கள். அதன் பழைய காணொளிகள் தேடலில் வரும். அதில் கூரை ஆட்டத்திலேயே சேராது.

8. ஒரு மணி நேரம் தனியாக

வாரம் ஒரு முறை கோர்ட்டைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். மதியம் இரண்டு, மூன்று மணிக்குச் சுலபமாகக் கிடைக்கும். மாலை ஐந்திலிருந்து எட்டு வரை கூட்டம். பந்தைக் கையால் தரையில் போட்டு, முழங்காலுக்குக் கீழே இறங்கவிட்டு, நேர்ப் பாஸ் இருபது. அதே பேக்ஹேண்டில் இருபது. பின்சுவரில் எறிந்து திரும்பி வருவதை அடிப்பது இருபது. உங்களுக்கு நீங்களே தொடர்ந்து பத்து சீலிங் பால். கடைசிக் கால் மணி நேரம் சர்வ். பந்து வந்த காலி டப்பாவை இடது பின்மூலையில் வைத்து அதை விழுத்தப் பாருங்கள்.

அப்புறம், ஒரு ஆட்டத்தையாவது கைபேசியில் பதிவு செய்யுங்கள். பின்சுவர் கண்ணாடி என்றால் வெளியே ஷூவில் சாய்த்து வைத்தால் போதும். வீட்டில் பார்க்கும்போது எதிராளி அடிக்கும் ஒவ்வொரு தருணத்திலும் நிறுத்துங்கள். அப்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? சுவரோரமாகவா, ஷார்ட் லைன் மேலா? பக்கத்தில் ஒரு தாளில் ஒவ்வொரு ராலியும் எப்படி முடிந்தது என்று குறியுங்கள்: ஸ்கிப், உயரமாக விட்டது, எதிராளியின் நல்ல அடி. எந்த வகை அதிகமாக இருக்கிறதோ அதுதான் அடுத்த வாரப் பயிற்சி. பயிற்சியாளரிடம் போவதென்றால் இந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள், பணம் வீணாகாது. கட்டணம் ஊருக்கு ஊர் மாறும்; இருவராகச் சேர்ந்து எடுக்க அனுமதிப்பார்களா என்று கேளுங்கள்.

9. முதல் போட்டி

யு.எஸ்.ஏ. ராக்கெட்பால் அமைப்பு அங்கீகரித்த போட்டி என்றால் அதன் உறுப்பினராக வேண்டும், விண்ணப்பம் இணையத்திலேயே. போட்டிக்கு நுழைவுக் கட்டணம் தனி. கடைசித் தேதிக்குப் பிறகு சேர்ந்தால் கூடுதலாகக் கேட்பார்கள், பணத்தைத் திரும்பத் தருவதும் அரிது. நாவிஸ் (புதியவர்), டி, சி, பி, ஏ என்று கீழிருந்து மேலாகத் தரம் பிரித்திருப்பார்கள். ஜிம்மில் எல்லோரையும் ஜெயிக்கிறேன் என்று பி-யில் போய் மாட்டாதீர்கள்; டி அல்லது சி-யில் தொடங்குங்கள். உங்கள் ஆட்ட நேரம் சில நாள் முன்புதான் வெளியாகும், வெள்ளி மாலையே முதல் சுற்று இருக்கலாம். அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

போகும் முன் விதிப்புத்தகத்தில் ஹிண்டர் (எதிராளிக்குத் தடையாக இருப்பது) பகுதியைப் படித்துவிடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். எதிராளி மீது பந்தோ மட்டையோ படும் என்று தோன்றினால் அடிக்காமல் நிறுத்துங்கள். அந்த ராலியை மறுபடி ஆடலாம். அவர் அடிக்கும் வழியில் நீங்கள் விலகாமல் நின்றால் ராலியே போகும். இந்தப் பகுதி உங்களுக்கு இன்னொரு விதத்திலும் தேவைப்படும். இங்கே பல போட்டிகளில் தோற்றவர்தான் அதே கோர்ட்டில் அடுத்த ஆட்டத்துக்கு நடுவர். தோற்றுவிட்டோம் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் பின்னாலேயே ஆள் வந்து கூப்பிடுவார்.